பெங்களூரு ப்ரூபப்பில் ‘அன்லிமிடெட்’ பிரன்ச்: பில்லைப் படிக்காமல் கார்டை நீட்டாதீர்கள்

இந்திராநகர் பக்கம் ஒரு ப்ரூபப், அதாவது பியரைத் தானே காய்ச்சி விற்கும் பப். ஞாயிறு பிரன்ச், மதியம் 12.30 முதல் 3.30 வரை, ஐந்து பேர். மூன்று பேருக்கு பியரோடு தலைக்கு ₹2,199. இரண்டு பேருக்கு பியர் இல்லாமல் ₹1,499. கடைசியில் கட்டியது ₹12,064. இதில் ₹1,244 கட்டியிருக்கவே வேண்டாத பணம். பெங்களூரில் இருப்பவர்களும் சரி, ஓசூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சனி ஞாயிறுக்கு நண்பர்களைப் பார்க்க வருபவர்களும் சரி, டேபிள் புக் பண்ணுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் பில். ஐந்து பேக்கேஜ் சேர்த்து ₹9,595. பேக்கேஜில் சேராத ஸ்டவுட் (கறுப்பு பியர்) இரண்டு கிளாஸ், ₹425 வீதம் ₹850. ஆக ₹10,445. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், ₹1,044.50. இரண்டையும் கூட்டி, அந்தத் தொகைக்கு சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று ₹574.48. பார்க்க ஒழுங்கான பில் மாதிரிதான் இருக்கிறது. தப்பு இரண்டு இடத்தில்.

ஒன்று, மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. மாநில வரி மட்டும்தான். ஆகவே ஜிஎஸ்டி சாப்பாட்டுக்கும் மது இல்லாத பானங்களுக்கும் மட்டும் விழ வேண்டும். இதைச் சரிபார்க்க எளிய வழி: பில்லில் உள்ள மொத்த ஜிஎஸ்டியை 20-ஆல் பெருக்குங்கள். 5 சதவீத வரி என்றால், எந்தத் தொகைக்கு வரி போட்டார்கள் என்பது வந்துவிடும். இங்கே 574.48 × 20 = ஏறக்குறைய ₹11,490. அதாவது பியர், ஸ்டவுட், சர்வீஸ் சார்ஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறார்கள். பேக்கேஜ் என்று ஒரே வரியில் போட்டால் இது கண்ணில் படாது. அதனால் “சாப்பாடு தனியா, பியர் தனியா பிரிச்சுப் போட்டுக் கொடுங்க” என்று கேட்பதுதான் முதல் வேலை. (பெரிய நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் பப் என்றால் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் வரலாம், அங்கே 20-க்குப் பதில் ஜிஎஸ்டியை 100-ஆல் பெருக்கி 18-ஆல் வகுக்க வேண்டும்.)

இரண்டு, சர்வீஸ் சார்ஜ். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஓட்டல்கள் இதைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. ஓட்டல் சங்கங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பில் வந்ததும் “அண்ணா, சர்வீஸ் சார்ஜ் எடுத்துட்டு பில் போட்டுக் கொடுங்க” என்றால், “அது சிஸ்டத்துலயே வருது சார்” என்பார்கள். மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பில்லிங் மெஷினில் அதை நீக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் நேரடியாக அவர் கையிலேயே கொடுங்கள். அதுதான் நிச்சயம் அவருக்குப் போய்ச் சேரும். சர்வீஸ் சார்ஜ், அதன்மேல் போட்ட ஜிஎஸ்டி, பியருக்கும் ஸ்டவுட்டுக்கும் போட்ட ஜிஎஸ்டி மூன்றும் சேர்ந்ததுதான் முதலில் சொன்ன ₹1,244.

விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் ‘++’ வரி, சர்வீஸ் சார்ஜ் இந்த இரண்டையும்தான் குறிக்கிறது. புக் செய்ய போன் பண்ணும்போதே “எல்லாம் சேர்த்து தலைக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். அந்தப் பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பியர். இரண்டு பேக்கேஜுக்கும் வித்தியாசம் ₹700. அதே மெனு கார்டில் 330 மி.லி. கோதுமை பியர் ₹350. ஆக, தலைக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் குடித்தால்தான் ‘அன்லிமிடெட்’டில் லாபம். நடந்தது என்ன? பிரன்ச்சுக்கு மட்டும் 250 மி.லி. கிளாஸ். முன்னால் இருக்கும் கிளாஸ் காலியானால்தான் அடுத்தது. கேட்டு வருவதற்கு இருபது நிமிடம். டேபிள் தந்ததே ஒரு மணிக்குப் பக்கம். 3 மணிக்கு லாஸ்ட் ஆர்டர். மூன்று பேருக்கும் சேர்த்து வந்தது ஏழு கிளாஸ், 1,750 மி.லி. அதே ₹2,100-க்கு தனித்தனியாக ஆர்டர் செய்திருந்தால் ஆறு கிளாஸ், 1,980 மி.லி. கிடைத்திருக்கும்.

இன்னொன்று, எட்டு டேப் (பியர்க் குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு வகை) இருந்தாலும் பேக்கேஜில் வருவது பெரும்பாலும் இரண்டுதான்: லாகர், கோதுமை பியர். ஸ்டவுட்டும், கசப்புத் தூக்கலான ஐபிஏ பியரும் தனிக் காசு. பரிமாறுபவர் “ஸ்டவுட் ட்ரை பண்றீங்களா சார்?” என்று கேட்கும்போது இதைச் சொல்வதில்லை. “பேக்கேஜ்ல வருதா?” என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கூட வருபவர்களில் குடிக்காதவர் இருந்தால், டேபிளில் எல்லோரும் ஒரே பேக்கேஜ் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

டவர் (டேபிளில் வைக்கும் உயரமான பியர்க் குடுவை) வாங்குபவர்கள் கவனிக்க: 3 லிட்டர் என்றால் 330 மி.லி. கிளாஸ் ஒன்பது நிரம்ப வேண்டும். நடுவில் ஐஸ் குழாய் செருகிய டவரில் அந்தக் குழாய் அடைக்கும் இடமும் 3 லிட்டர் கணக்கிலேயே போய்விடும். எண்ணிப் பாருங்கள். கிளாஸிலும் அப்படித்தான். விளிம்பு வரை நிரப்பினால்தான் 330 என்றால், இரண்டு விரல் நுரை போக உங்களுக்கு வருவது 270, 280. அளவுக் கோடு போட்டு, அதற்கு மேல் நுரைக்கு இடம் விட்ட கிளாஸ்தான் நேர்மையான கிளாஸ்.

பியரே கெட்டிருந்தால்? ஞாயிறு மதியம் முதலில் வரும் கிளாஸ்தான் ஆபத்து. முந்தின ராத்திரி கடை மூடியதிலிருந்து குழாயிலேயே நின்ற பியர் அது. கடைக்காரர் அதை வடித்துக் கொட்டிவிட்டு அடுத்ததைத் தர வேண்டும், பலர் கொட்டுவதில்லை. மோந்து பாருங்கள். கோதுமை பியரில் வாழைப்பழம், கிராம்பு வாசம் வருவது இயல்பு. அது ஈஸ்ட் தருவது. வெண்ணெய் வாசம், தியேட்டர் பாப்கார்ன் மாதிரி வந்தால், ஒன்று லாகரை முழுதாக முதிர விடாமல் இறக்கிவிட்டார்கள், இல்லை குழாயைக் கழுவவில்லை. குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காஸ்டிக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் வெண்ணெயோடு புளிப்பும் ஏறும். வேகவைத்த மக்காச்சோளத்தின் வாசம் என்றால் காய்ச்சும்போதே குறை. கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாய் ஒட்டியிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. சுத்தமான கிளாஸில் குமிழி ஒட்டாது, குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகத் தங்கும். எதுவானாலும் இரண்டு வாயிலேயே சொல்லி மாற்றச் சொல்லுங்கள். பாதி குடித்த பிறகு சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள். சந்தேகமிருந்தால் முதலில் 60 மி.லி. சாம்பிள் கேளுங்கள், நல்ல ப்ரூபப் அதற்குக் காசு வாங்காது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: எக்ஸ் பெனடிக்ட் (ரொட்டி மேல் வைத்த அரைவேக்காட்டு முட்டை) மேல் ஊற்றும் ஹாலண்டைஸ் சாஸ், அரைவேக்காட்டு மஞ்சள் கருவில் செய்வது. பஃபே மேஜையில் எண்ணெய் பிரிந்து நின்றால் தொடாதீர்கள். லைவ் கவுன்டரில் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்குங்கள்.

மேனேஜர் பில்லைத் திருத்த மறுத்தால் அங்கே நின்று சண்டை போட வேண்டாம். பணத்தைக் கட்டி, பில்லின் அசலை வாங்கிக்கொள்ளுங்கள். மெனு கார்டில் விலையும் ‘++’ம் இருக்கும் பக்கம், புக்கிங் வாட்ஸ்அப், கார்டு ரசீது, எல்லாவற்றையும் படம் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். சர்வீஸ் சார்ஜ் புகார், பியருக்கு ஜிஎஸ்டி போட்ட புகார் இரண்டையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். ஒன்றாகப் பதிந்தால், கடைக்காரர் சர்வீஸ் சார்ஜை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு விஷயம் முடிந்தது என்று எழுதிவிட இடம் கிடைத்துவிடும்.