21.1 என்று விற்று 20.3 ஓடவிட்ட ஹாஃப் மாரத்தான்: பணம் கட்டுமுன் படியுங்கள்

சென்னைக்குத் தெற்கே ஈ.சி.ஆர். சாலையில் பிப்ரவரியில் நடந்த ஒரு ஹாஃப் மாரத்தானைப் பற்றிய எச்சரிக்கை இது. புகார் நடப்பில் இருப்பதால் நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. இதே குளறுபடிகள் வேறு பேனரிலும் வரும் என்பதால் பெயரைவிட விவரம்தான் உங்களுக்குப் பயன்படும்.

கட்டணம் 1,400 ரூபாய். சொன்னவை: சான்று பெற்ற 21.1 கிலோமீட்டர் பாதை, சிப் டைமிங், இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், மருத்துவக் குழு. ஒழுங்காகக் கிடைத்தவை: டி-ஷர்ட், பதக்கம், பொங்கல். பொங்கல் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

தூரத்திலிருந்து தொடங்கலாம். முடித்தவர்களின் கடிகாரங்களில் பெரும்பாலும் 20.3 அல்லது 20.4. கேட்டதற்கு, "ஜி.பி.எஸ். முன்னே பின்னே காட்டும்" என்று பதில். காட்டும்தான், ஆனால் எந்தப் பக்கம்? ஒழுங்காக அளந்த பாதையில் ஓடினால் கடிகாரம் பொதுவாக 21.2, 21.3 என்று கூட்டித்தான் காட்டும். அளப்பவர் வளைவின் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுகிய கோட்டில் போகிறார். ஓடுபவர் கூட்டத்தில் விலகி விலகிப் போகிறார். கட்டடமோ மேம்பாலமோ மறைக்காத ஈ.சி.ஆரில் அத்தனை கடிகாரமும் ஒரே மாதிரி 700, 800 மீட்டர் குறைத்துக் காட்டினால் குறை கடிகாரத்தில் இல்லை.

எப்படிக் குறைந்தது என்பதும் பிறகு தெரிந்தது. பாதையை அளந்தது கார் மீட்டரில். போய்த் திரும்பும் பாதை என்பதால் யூ-டர்ன் கூம்பு இருக்கும் இடம்தான் எல்லாம். குறித்த இடத்தில் மீடியனில் (சாலையின் நடுத்தடுப்பில்) இடைவெளி இல்லை. விடியற்காலையில் கூம்போடு போன வாலண்டியர், அதற்கு 400 மீட்டர் முன்னால் இருந்த இடைவெளியில் வைத்துவிட்டார். போக 400, வர 400. அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் வரைபடமே கொடுக்கப்படவில்லை.

சான்று பெற்ற பாதை என்றால் உலகத் தடகள அமைப்பும் எய்ம்ஸும் ஏற்ற முறையில் அளந்தது என்று பொருள். (இந்த எய்ம்ஸ் மருத்துவமனை அல்ல, நெடுந்தூர ஓட்டப் போட்டிகளின் பன்னாட்டுச் சங்கம்.) சைக்கிளின் முன் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற எண்ணியைப் பொருத்தி, இரும்பு டேப்பால் அளந்த நேர்கோட்டில் ஓட்டிச் சரிபார்த்து, பாதையை அளந்து முடித்ததும் மறுபடி சரிபார்ப்பார்கள். வெயிலில் டயரின் காற்றழுத்தம் மாறினாலே கணக்கு மாறும் என்பதால்தான் இந்த இரண்டாவது முறை. கடைசியில், குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ப்பார்கள். ஹாஃபுக்கு அது 21 மீட்டர். சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதில் எண் இருக்கும், அளந்தவரின் பெயரும் தரமும் இருக்கும், திரும்பும் இடம் எந்த மின்கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பது வரை வரைபடம் இருக்கும். "சர்டிஃபைடு" என்று மட்டும் போட்டு எண் தராதவர்களிடம் அந்த ஒரு எண்ணைக் கேளுங்கள். பேச்சு எங்கே திரும்புகிறது என்று பாருங்கள்.

800 மீட்டர் பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு: கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடுபவருக்கு அது ஐந்து நிமிடம் 12 விநாடி. இந்தப் பொய் நேரத்தை நம்பி முழு மாரத்தானான ஃபுல்லுக்கு இலக்கு வைத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் தவறும். முதல் பாதியில் வேகம் கூடிப்போய், முப்பது கிலோமீட்டருக்கு மேல் கால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிவரும். பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி நேரம் தேடுபவர்கள் சான்று இல்லாத பாதையில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது செல்லாது.

டைமிங்கில் நடந்தது இன்னும் மோசம். பிப்பின் (நெஞ்சில் குத்தும் எண் அட்டையின்) பின்னால் ஒட்டிய சிப்பில் பேட்டரி கிடையாது. தரையில் விரித்த பாயின் ஆன்டெனா எழுப்பினால்தான் அது பேசும். இங்கே பாய் விரித்தது முடிவுக்கோட்டில் மட்டும். தொடக்கத்தில் பாய் இல்லாததால், கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணும் நெட் டைம் இல்லை. பின்வரிசையில் நின்றவர்கள் கோட்டைத் தாண்டவே எடுத்துக்கொண்ட நாலைந்து நிமிடமும் அவர்கள் கணக்கில் ஏறியது. யூ-டர்னில் பாய் இல்லாததால், ஏழாவது கிலோமீட்டரிலேயே மீடியனைத் தாண்டித் திரும்பிய சிலர் வயதுப் பிரிவில் பரிசும் வாங்கிவிட்டார்கள். ஜெனரேட்டர் நின்ற சில நிமிடங்களில் முடித்தவர்களுக்கு நேரமே பதிவாகவில்லை. சிப்பைப் படிக்கும் ரீடருக்குத் தனி பேட்டரியும், முடிவுக்கோட்டைப் படம் பிடிக்கும் ஒரு கேமராவும் இருந்திருந்தால் இதைச் சரிசெய்திருக்கலாம். மும்பை மாரத்தானில் ஃபுல்லுக்கும் ஹாஃபுக்கும் டைமிங் சான்றிதழ் கேட்பார்கள். அதற்காகவே இந்த ஓட்டத்துக்கு வந்தவர்கள் பலர்.

உங்கள் பங்குக்கு: பிப்பை மடக்காதீர்கள், அதன்மேல் பெல்ட்டோ போனோ வராமல் பாருங்கள். உடம்பின் ஈரமும் உலோகமும் சிக்னலை விழுங்கும்.

இனி தண்ணீர். ஆபத்து முழுக்க இதில்தான் இருந்தது, இதற்கு வேண்டியதோ பள்ளிக்கூடக் கணக்கு. ஓடுபவர் ஒரு பந்தலில் 150 மி.லி. குடிப்பார், அதே அளவைத் தலையில் ஊற்றிக்கொள்வார். ஆக ஒருவருக்கு 300 மி.லி. ஹாஃபுக்கு 1,500 பேர் என்றால் 450 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 23. போய்த் திரும்பும் பாதையில் அதே பந்தலை அதே ஆள் இரண்டு முறை கடக்கிறார், எனவே 45 கேன். பத்து கிலோமீட்டர் ஓடும் ஆயிரம் பேரும் முதல் ஐந்து கிலோமீட்டரில் உள்ள பந்தல்களைத்தான் போக வர பயன்படுத்துகிறார்கள். அங்கே இன்னும் 30 கேன். இவர்கள் எல்லாப் பந்தலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 20 கேன் இறக்கியிருந்தார்கள். முன்னால் போனவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. ஏழரை மணிக்குமேல் திரும்பி வந்தவர்களுக்கு, அதாவது வெயிலில் அதிக நேரம் இருக்கப்போகிறவர்களுக்கு, கடைசி ஐந்து கிலோமீட்டரில் காலி கேன்தான். ஒரு பந்தலில் தண்ணீர் இருந்தது, கப் தீர்ந்துவிட்டது. தண்ணீர்ப் பாக்கெட்டுக்கும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை என்பதால் அவசரத்துக்குப் பெட்டிக்கடையில் வாங்கவும் வழியில்லை. அரை லிட்டர் பிடிக்கும் மடக்கக்கூடிய குடுவை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொள்வது, எவ்வளவு பெரிய பெயர் நடத்தினாலும், நல்லது.

ஓ.ஆர்.எஸ். கலந்த விதமும் தப்பு. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. 20 லிட்டர் கேனுக்கு 20 பாக்கெட் வேண்டும். ஒரு பந்தலில் கேனுக்கு ஐந்து. அது பேருக்கு உப்புத் தண்ணீர். இன்னொன்றில் அரை லிட்டர் பாட்டிலில் இரண்டு. நான்கு மடங்கு கெட்டியான கரைசல் வயிற்றுக்குள் போனால் குடல் உடம்பிலிருந்துதான் தண்ணீரை இழுக்கும். குமட்டலும் பேதியும் அங்கேயே தொடங்கும். அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பவும் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

இத்தனைக்கும் மேல் ஓட்டம் தொடங்கியதே 40 நிமிடம் தாமதமாக. சிறப்பு விருந்தினர் வர வேண்டும், பேச வேண்டும், கொடி அசைக்க வேண்டும். பிப்ரவரி சென்னையில் அந்த 40 நிமிடமும் குளிர்ந்த நேரத்திலிருந்துதான் கழிகிறது.

மருத்துவக் குழு என்பது முடிவுக்கோட்டில் நின்ற ஒரு ஆம்புலன்ஸ். பத்து கிலோமீட்டர் தள்ளி யூ-டர்னில் யாரும் இல்லை. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் இருந்தது, ஐஸ் இல்லை. ஓட்டத்தில் வரும் வெப்பத் தாக்கில் உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். முதலில் அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர்விக்க வேண்டும், மருத்துவமனை அதற்குப் பிறகு. முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்குவதுதான் உயிரைக் காப்பது. வியர்த்த நெற்றியில் காட்டும் தெர்மோமீட்டர் குறைத்துத்தான் சொல்லும், மலக்குடலில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. "ஐஸ் தொட்டி எத்தனை, எந்தக் கிலோமீட்டரில்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். உண்மையிலேயே ஏற்பாடு செய்பவர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

பணம் கட்டும் அன்றே போட்டியின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இந்த நிகழ்வில் ஓட்டம் முடிந்த மறுநாள் "சான்று பெற்ற" என்ற சொல் பக்கத்திலிருந்து மறைந்தது. பழைய படம் வைத்திருந்தவர்களால்தான் புகாரே நிற்கிறது. கடிகாரத்தின் மூலப் பதிவுக் கோப்பை அப்படியே இறக்கி வையுங்கள், செயலியின் படம் மட்டும் போதாது. யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணும் வேண்டும்.

முதலில் நடத்தியவர்களுக்கு மின்னஞ்சலில் புகார், பதினைந்து நாள் அவகாசம். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். இணையவழியே மனு கொடுக்கலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு வரை நேரம் உண்டு. "பணம் திரும்பத் தரப்படாது", "என் சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன்" என்று டிக் அடித்துவிட்டோமே என்று பின்வாங்க வேண்டாம். ஓட முடியாமல் போனால் பணம் கேட்க மாட்டேன் என்பது வேறு, விற்ற தூரமும் தண்ணீரும் தராமல் விட்டது வேறு.

அதே ஆட்கள் அடுத்த ஓட்டத்துக்குப் பதிவைத் திறந்துவிட்டார்கள். இம்முறை 1,600 ரூபாய். பாதை சான்று பெற்றது என்று மறுபடி போட்டிருக்கிறார்கள். சான்றிதழ் எண் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இதை எழுதும்வரை பதில் இல்லை.