ஆய்வகமா, வீடா: குழந்தை வளர்ச்சி ஆய்வில் பங்கேற்க இரு வழிகள்

மூளையின் மின் அலைகளைத் தலையில் வைக்கும் மின்முனைகளால் பதியும் சோதனை (EEG) ஆய்வகத்தில்தான் துல்லியமாக அமையும். ஆனால் மின்முனைத் தொப்பியைப் பிடுங்கி எறியும் குழந்தைகள் ஏராளம். தொடுதலே உறுத்தும் ஆட்டிசக் குழந்தைக்கு அது பெரிய வேதனை. சில நாள் முன்பே வீட்டில் சாதாரணத் தொப்பி போட்டுப் பழக்குங்கள். தூங்கி எழுந்து பால் குடித்த பிறகான நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலிருந்து இணையவழி என்றால், குழந்தை திரையைப் பார்க்கும்போது அதன் பார்வையைக் கேமரா பதியும்; பயண அலைச்சல் இல்லை. புதிய இடம் கண்டு மிரளும் குழந்தைக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கெடுப்பது வெளிச்சம்: சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டு, பார்வை எங்கே போகிறது என்பதே தெரியாது. மடியில் வைத்திருப்பவர் திரையைப் பார்க்கவோ சுட்டிக்காட்டவோ கூடாது. குழந்தை உங்களைப் பின்பற்றினால் பதிவு வீண்.

குறைமாதக் குழந்தையென்றால், இரண்டிலும் பிரசவத்துக்குக் குறித்த தேதியையும் சொல்லிவிடுங்கள். வயதை அதிலிருந்தும் கணக்கிடுவார்கள்.