சுங்கை சிப்புட்டில் ஒரு கதாபாத்திர வடிவமைப்பு வகுப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியொன்றில் ஞாயிறுதோறும் நடைபெறும் கதாபாத்திர வடிவமைப்பு வகுப்பை, ஓவியம் பழகும் இளையோர் அனைவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பிரபலமான அனிமே முகங்களைப் பார்த்து வரைவதோடு நின்றுவிடும் மாணவரிடம், ஆசிரியர் முதலில் கேட்பது அந்த உருவம் எங்கே வாழ்கிறது, என்ன வேலை செய்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதைத்தான். விடைகளை எழுதிய பின்னரே பென்சிலைத் தொட விடுகிறார்.

அடுத்து வருவது நிழலுருப் பயிற்சி. உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிய பிறகும் அது யாரென்று தெரிய வேண்டும் என்பது அசைவுபடத் துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் சோதனை. தோளில் காண்டா வாளியும் (கட்டையின் இரு முனைகளிலும் தொங்கும் வாளிகள்) தலையில் விளக்குமாக, விடியுமுன் ரப்பர் மரங்களில் பால்வெட்டப் புறப்படும் பாட்டியை ஒரு மாணவி வரைந்தாள். காண்டாக் கட்டையின் கிடைக்கோடும் வளைந்த முதுகுமே அவரைக் காட்டிக்கொடுத்தன. பின்னர் வாளிகளில் பாலுக்குப் பதிலாக விண்மீன்களை நிரப்பி, இரவைச் சேகரிக்கும் காவல் தெய்வமாக அவரை மாற்றினாள். கண்ணால் கண்ட ஒன்றைப் பிரித்து, எதிர்பாராத இன்னொன்றோடு சேர்க்கும் இம்முறையே இவ்வகுப்பின் உயிர்நாடி என்பேன்.

வட்டம் மென்மையையும் சதுரம் உறுதியையும் கூர்முக்கோணம் ஆபத்தையும் உணர்த்தும் என்ற பாடமும் தெளிவாக நடத்தப்படுகிறது. வண்ணப் பகுதி மேலோட்டமானது. ஒரே உருவத்தை முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என அளவு மாறாமல் வரையும் சுழற்சித் தாளுக்கு இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்; தொழில்முறைப் பணியை நாடுவோருக்கு அது இன்றியமையாதது. கணினியில் வரைவதற்கான வரைபலகைக் கருவி எதுவும் கேட்காமல், 2பி பென்சிலும் கோடில்லாத நோட்டும் போதும் என்பதால், தோட்டத்துக் குடும்பங்களுக்கும் செலவு பாரமாகாது.