பென்ஷன் வரிச் சலுகை கோரும் பிரிட்டன் அரசின் இணையச் சேவை: ஒரு மதிப்பீடு

பிரிட்டனில் தாமாகவே பென்ஷன் கணக்கில் பணம் செலுத்தும் சம்பளக்காரர்கள், அதற்குரிய உயர் விகித வரிச் சலுகையைக் கோரிப் பெறுவதற்காக எச்எம்ஆர்சி எனப்படும் வரித்துறை நடத்தும் இணையச் சேவையை இங்கே மதிப்பிட எடுத்துக்கொள்கிறேன். சேவை ஒழுங்காகவே அமைந்திருக்கிறது. ஆனால், தமக்கு இப்படியொரு தொகை உரியது என்று முன்பே அறிந்தவர்களுக்கு மட்டுமே அது பயன்படுகிறது என்பதுதான் என் குறை.

தனிநபர் பென்ஷன் கணக்குகள் 'ரிலீஃப் அட் சோர்ஸ்' என்ற முறையில் இயங்குகின்றன. நாம் 80 பவுண்டு செலுத்தினால், பென்ஷன் நிறுவனம் அரசிடமிருந்து 20 பவுண்டைப் பெற்று, கணக்கில் 100 பவுண்டாக வரவு வைக்கும்; இதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 50,270 பவுண்டைத் தாண்டி, தாண்டிய பகுதிக்கு 40 சதவீத வரி கட்டுபவருக்கு மேலும் 20 சதவீதம் வரை உரிமை உண்டு என்றாலும், அந்த இரண்டாம் பகுதியை நிறுவனம் கோரித் தராது, அரசும் தானாக முன்வந்து தராது. அழுத பிள்ளைக்குத்தான் பால். அந்த 50,270 என்ற வரம்பு 2021 ஏப்ரல் முதல் அசையாமல் நிற்க, சம்பளங்கள் மட்டும் ஏறிவருவதால், தம்மை உயர் விகித வரி கட்டுபவராக ஒருபோதும் எண்ணிப் பார்க்காதவர்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்.

முன்பு தொலைபேசியிலேயே இந்தச் சலுகையைக் கோர முடிந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அந்த வழி மூடப்பட்டு, இணையம் அல்லது அஞ்சல் வழியாகவே கோர வேண்டும், எல்லாக் கோரிக்கைகளுக்கும் சான்று இணைக்க வேண்டும் என்று விதி மாறியது. சான்று கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். செலுத்தியவர் பெயர், வரி ஆண்டு, செலுத்திய தொகை ஆகியவற்றைக் காட்டும் கடிதமோ கணக்கு அறிக்கையோ எந்தப் பென்ஷன் நிறுவனத்திடமிருந்தும் கிடைக்கக்கூடியதுதான். ஆனால், ஐயங்களை ஓர் அலுவலரிடம் கேட்டுக்கொண்டே கோரிக்கையை முடிக்கும் வசதி போனது இழப்புதான்.

அந்த ஐயங்களில் முதன்மையானது, நம்முடைய பென்ஷன் எந்த வகை என்பது. சம்பளத்தில் வரி கணக்கிடுவதற்கு முன்பே பென்ஷன் தொகையைக் கழித்துவிடும் 'நெட் பே' முறையிலும், சம்பளத்தின் ஒரு பகுதியை நாம் விட்டுக்கொடுக்க முதலாளி அதைப் பென்ஷனில் செலுத்தும் 'சாலரி சாக்ரிஃபைஸ்' முறையிலும் முழுச் சலுகையும் தானாகவே கிடைத்துவிடுவதால் கோருவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும் பென்ஷன் 'நெட் பே' வகையைச் சேர்ந்தது. எனவே அங்கு பணிபுரியும் நம் தமிழ் மருத்துவர்கள், தனியாக வேறொரு பென்ஷன் கணக்கு வைத்திருந்தாலொழிய, இந்தச் சேவையைத் தேடிப் போக வேண்டியதில்லை. மாறாக, நெஸ்ட் என்பது வேலையிடப் பென்ஷனாக இருந்தும் 'ரிலீஃப் அட் சோர்ஸ்' முறையில் இயங்குகிறது. முதலாளி பிடித்துக் கட்டுகிறார், ஆகவே எல்லாம் முடிந்திருக்கும் என்று அதன் உறுப்பினர்கள் இருந்துவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

எவ்வளவு கிடைக்கும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 60,000 பவுண்டு சம்பளம் பெறும் ஒருவர் தம் பையிலிருந்து 8,000 பவுண்டு செலுத்தினால், பென்ஷன் கணக்கில் 10,000 சேரும். அவர் 40 சதவீத வரி கட்டியது 9,730 பவுண்டுக்கு மட்டுமே என்பதால், கூடுதல் சலுகை 2,000 அன்று, 1,946 பவுண்டு. இது பென்ஷன் கணக்கில் சேராமல் நம் கைக்கே வருகிறது. நடப்பு ஆண்டாக இருந்தால், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைக் காட்டும் வரிக் குறியீடு பெரும்பாலும் மாறி மாதச் சம்பளம் சற்றுக் கூடும், முடிந்த ஆண்டாக இருந்தால் பணமாகத் திரும்பும். குறியீட்டில் ஏற்றப்பட்ட தொகை அடுத்த ஆண்டுக்கும் தொடரக்கூடும் என்பதால், செலுத்துவதைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ உடனே தெரிவிப்பது நல்லது; இல்லையேல் பிறகு வரி பாக்கி என்று கடிதம் வரும்.

ஆண்டுதோறும் வரி விவரம் தாக்கல் செய்யும் 'செல்ஃப் அசெஸ்மென்ட்'காரர்கள் அந்தப் படிவத்திலேயே இதைக் கோர வேண்டும். அங்கே கேட்கப்படுவது அரசின் 20 சதவீதத்தையும் சேர்த்த மொத்தத் தொகை. மேற்சொன்ன நபர் 10,000 என்று எழுத வேண்டிய இடத்தில் 8,000 என்று எழுதினால், எவரும் சுட்டிக்காட்டாமலே 346 பவுண்டு கைவிட்டுப் போகும்.

வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டியவர்களுக்கு ஆதாயம் இன்னும் பெரிது. அந்த எல்லைக்கு மேல் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் 1 பவுண்டு வீதம், வருமானத்தின் முதல் 12,570 பவுண்டுக்கு உள்ள வரிவிலக்கு கரைகிறது. 1,10,000 பெறுபவர் 8,000 செலுத்தினால் கரைந்த விலக்கும் திரும்பி, 4,000 பவுண்டு மிச்சமாகும். ஸ்காட்லாந்தில் விகிதங்களே வேறு. அங்கே 21 சதவீத வரி கட்டுபவரும் 1 சதவீதம் கோரலாம்.

இதைச் செய்து தருவதாகச் சொல்லிக் கழிவு கேட்கும் முகவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ள ஒருவர், ஒரு கணக்கு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தாமே முடிக்கக்கூடிய வேலைக்குக் கட்டணம் தருவதில் நியாயமில்லை. ஒரு லட்சத்தைத் தாண்டியவர்களும் பல ஆண்டுகளின் கணக்கு சிக்கியிருப்பவர்களும் மட்டும் கணக்காளரை அணுகலாம். வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை பழைய சலுகையைக் கோரலாம் என்பது சேவையின் தாராளமான பகுதி: 2022–23 ஆம் ஆண்டுக்கான கோரிக்கை 2027 ஏப்ரல் 5க்குள் போய்ச் சேர வேண்டும்.