மாயவரம் மணிக்கூண்டு பக்கத்துல ஒரு வாட்ச் ரிப்பேர் கடை – என் அனுபவம்

மாயவரத்துல ஆட்டோமேட்டிக் வாட்ச் (பேட்டரி இல்லாம, கை ஆடுறதுலயே சாவி ஏறி ஓடுறது) பாக்குற மெக்கானிக் யாராச்சும் இருக்காங்களான்னு கேக்குறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். ஏன்னா நானும் இதே கேள்விய கேட்டுக்கிட்டு கும்பகோணம் தஞ்சாவூர்னு அலைஞ்சிருக்கேன், எல்லா எடத்துலயும் பேட்டரி மாத்துவாங்க, ஸ்ட்ராப் போடுவாங்க, ஆட்டோமேட்டிக்னு சொன்னதும் "அதெல்லாம் இங்க பாக்குறதில்ல சார், மெட்ராஸ் கொண்டு போங்க"ன்னு அனுப்பிடுவாங்க. கடைசியில பாத்தா ஆளு நம்ம ஊருலயே, மணிக்கூண்டுலேர்ந்து அஞ்சு நிமிஷ நடையில ஒக்காந்துருக்காரு. கடை பேரு போடல, கடைக்கார பாயே வேணாம் தம்பின்னு சொல்லிட்டாரு, கையில இருக்குற வேலையே ரெண்டு மாசத்துக்கு வரும்ங்குறாரு. பட்டமங்கலத் தெருவுல பழைய கடைக்காரங்க யார கேட்டாலும் வாட்ச் பாய் கடைன்னா காட்டுவாங்க.

நான் மொதல்ல அங்க எடுத்துட்டுப் போனது ஒரு பர்ஸ்ட் காப்பி, அதாவது பெரிய கம்பெனி வாட்ச் மாதிரியே செஞ்ச போலி. அத மறைக்க விரும்பல.

போன வருஷம் தங்கச்சி கல்யாணம், குத்தாலத்துல மண்டபம். கையில நல்லதா ஒன்னு கட்டணும்னு ஆசை. வாட்ச் கிறுக்கு எனக்கு பிளஸ் டூ படிக்கும்போதுலேர்ந்து இருக்கு, ரோலக்ஸ் சப்மரைனர்னா, அதான் முக்குளிக்கிறவங்களுக்குன்னு செஞ்ச வாட்ச், கண்ண மூடிக்கிட்டு டயல வரைஞ்சு காட்டுவேன், ஆனா ஒரிஜினல் ஒன்னு வாங்குற காசுக்கு புது டிராக்டர் எறக்கிடலாம். ஆன்லைன்ல ஒரு பேஜ்ல "7ஏ மாஸ்டர் காப்பி, ஆட்டோமேட்டிக், ஸ்டீல் செயின்"னு போட்டுருந்தாங்க, 6,500 ரூவா. ஒரிஜினலுக்கும் இதுக்கும் கடைக்காரனுக்கே வித்தியாசம் தெரியாதுன்னு வாய்ஸ் மெசேஜ் வேற. வாங்கிட்டேன்.

கட்டிக்கிட்டுப் போனப்ப நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொன்னா பொய். பந்தியில எல எடுத்து வைக்கும்போது பக்கத்துல இருக்குறவன் கண்ணு மணிக்கட்டுக்குப் போவுது. ஆனா மாமா ஒருத்தரு "ஒரிஜினலா மாப்ள"ன்னு கேட்டப்ப ஃப்ரெண்டு சிங்கப்பூர்லேர்ந்து குடுத்து விட்டான்னு சொன்னேன். ஏன் அப்படி சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. அவரு அத நம்பி நாலு பேருகிட்ட பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தாரு, அதுதான் ரொம்ப உறுத்துது.

மூணு மாசத்துல மணிக்கட்டுக்குக் கீழ வட்டமா சிவந்து அரிக்க ஆரம்பிச்சுது. தோல் டாக்டர் நிக்கல் அலர்ஜின்னாரு. நல்ல ஸ்டீல்லயும் நிக்கல் இருக்கத்தான் செய்யுது, ஆனா அது பெருசா வெளிய கசியாது, மலிவு உலோகத்துக்கு மேல முலாம் பூசுனதுல நம்ம ஊரு வேர்வையும் உப்பும் பட்டா முலாம் போயி தோல்ல எறங்குது. சரி, கழட்டி கழட்டிக் கட்டுனேன். அப்புறம் ஐப்பசி கடைமுழுக்கு வந்துச்சு, மாசக் கடைசி நாள் காவிரிக் குளியல். துலாக்கட்டத்துல எறங்குறப்ப வாட்ச கழட்டல, டயல்லதான் 1000 அடி 300 மீட்டர்னு எழுதியிருக்கே, இடுப்பளவு தண்ணியில என்ன ஆவப்போவுதுன்னு மூணு முழுக்கு போட்டேன். கரையேறி துண்டு கட்டுறதுக்குள்ள கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி அடிச்சுக்கிச்சு. ராத்திரி முள்ளு நின்னுடுச்சு.

அப்பதான் பழைய புஸ்தகம் பைண்டிங் பண்ற அண்ணன் ஒருத்தரு பாய் கடைய சொன்னாரு.

கடைன்னா ஒரு ஆளு ஒக்காரலாம், ஒரு ஆளு நிக்கலாம், அவ்ளோதான். கண்ணாடிப் பெட்டி, மேல வளைஞ்ச கழுத்து லைட்டு, சின்னச் சின்ன டப்பாவுல பழைய பார்ட்ஸ். அத்தா ஒக்காந்த எடத்துலதான் தம்பி நானும் ஒக்காந்துருக்கேன்னாரு. செவுத்துல கையால எழுதுன ஒரு அட்டை, டயல் மாத்தி பேர் எழுதித் தரப்படமாட்டாதுன்னு. அதப் படிச்சப்பவே எனக்கு பயம், நான் கொண்டு போயிருக்குறது என்னன்னு எனக்குத் தெரியும்ல. ஆனா மனுஷன் ஒரு வார்த்த தப்பா சொல்லல. வாங்கி காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தாரு, கண்ணுல லென்ஸ மாட்டுனாரு, பின்மூடிய தொறந்து "வந்து பாருங்க"ன்னு என்னையே லென்ஸ மாட்டச் சொன்னாரு. எத்தன கடையில இப்படி காட்டுவாங்க?

உள்ள சீனா மெஷின். பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்த ஓட்டுற சக்கரம்) பக்கத்துல அதுக்குள்ளயே பழுப்பா துரு. சாவி, அதாவது முள்ள திருப்புற குமிழ், போற குழாயில ரப்பர் வாஷரே இல்ல. பாய் சொன்னத என் வார்த்தையில சொல்றேன். தண்ணி உள்ள போவாம தடுக்குறது கனமான இரும்பு இல்ல, மூடியும் சாவியும் திருகி இறுகுற எடத்துல இருக்குற அந்த வாஷருங்கதான். ரோலக்ஸ் 1926ல ஆய்ஸ்டர் கேஸ்னு கொண்டாந்ததோட விஷயமே இந்தத் திருகு மூடியும் திருகு சாவியும்தான், அடுத்த வருஷமே மெர்சிடிஸ் கிளைட்ஸ்னு ஒரு பொண்ணு இங்கிலீஷ் கால்வாய்ல நீந்துறப்ப கழுத்துல அத மாட்டிக்கிட்டு எறங்குனாங்க, பல மணி நேரம் குளுந்த தண்ணியில கெடந்தும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1953ல வந்த சப்மரைனர் அந்த வழியில வந்ததுதான். காப்பி அடிக்கிறவங்க சாவியில மரையும் போட்டுருக்காங்க, திருகுனா இறுகுற மாதிரியும் இருக்கு, உள்ள இருக்க வேண்டிய ரெண்டு ரூவா ரப்பர் மட்டும் இல்ல. வெளிய தெரியுறத எல்லாம் செஞ்சுட்டு தெரியாதத விட்டுட்டாங்க. எனக்கு கோவம் வந்தது அங்கதான்.

ரிப்பேர் பண்ணலாமான்னு கேட்டேன். "மெஷின் மாத்தலாம் தம்பி, 2,000 கிட்ட வரும், ஆனா இந்த சாவிக் குழாயிக்கு அளவா எங்கிட்ட வாஷர் கெடைக்காது, திரும்ப தண்ணி போவும், ஒங்க காசு வீணாப் போறத நான் செய்யமாட்டேன்"ன்னு சொல்லி மூடிக் குடுத்துட்டாரு. காசு வாங்கல. கெளம்பறப்ப கேட்டாரு, "வீட்டுல பெரியவங்க வாட்ச் எதுவும் கெடக்கா?"

கெடந்துச்சு. பெரியப்பா சவுதியில இருந்தப்ப வாங்குன சீக்கோ ஃபைவ், பீரோ லாக்கர்ல பத்து வருஷத்துக்கு மேல ஓடாம தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நம்ம டெல்டாவுல வெளிநாடு போயிட்டு வந்த முக்காவாசி வீட்டுல இது ஒன்னு இருக்கும், கெழமை சக்கரத்துல இங்கிலீஷும் இருக்கும் அரபியும் இருக்கும். அடுத்த வாரம் கொண்டு போனேன். பாத்த ஒடனே பாய் மொகம் மாறுச்சு. பின்மூடியில இருக்குற நம்பர படிச்சுட்டு "85 பிப்ரவரி, கல்ஃப் மாடல்"ன்னாரு. எப்படின்னு கேட்டா, சீக்கோவுல சீரியல் நம்பரோட மொத எண்ணு வருஷத்தோட கடைசி எண்ணு, ரெண்டாவது மாசம், 52ன்னு ஆரம்பிச்சா 75 இல்ல 85, உள்ள இருக்குற 7009 மெஷின் 75ல கெடையாது, அதனால 85. வீட்டுக்குப் போயி பெரியப்பாகிட்ட கேட்டேன், 84 கடைசியில தம்மாம் போயிருக்காரு, மறு வருஷம் வாங்குனதுதான்னாரு. எனக்கு சிலிர்த்துப் போச்சு.

வேலைய சொல்றேன். 17 கல்லு மெஷின் அது, கல்லுன்னா செயற்கையா செஞ்ச ரூபி, சக்கரத்தோட முனை தேயாம சுத்துறதுக்கு. அந்தக் கல்லுல வைக்கிற எண்ணெய் வருஷம் ஆக ஆக கெட்டியாயி பிசினாயிடும், அதனாலதான் நல்ல வாட்சும் பீரோவுல நின்னு போவுது, உள்ள எதுவும் ஒடஞ்சிருக்கணும்னு இல்ல. பாய் முழுசா பிரிச்சு பெட்ரோல்ல கழுவி, ஒவ்வொரு கல்லுக்கும் ஊசி முனையில எண்ணெய் வச்சு, பழைய வாஷர எடுத்துட்டு புதுசு போட்டு, கீறல் விழுந்த கண்ணாடிய மாத்திக் குடுத்தாரு. கழட்டுன பழைய கண்ணாடியையும் வாஷரையும் ஒரு சின்ன பேப்பர்ல மடிச்சு கையில குடுத்தாரு. கேஸ பாலிஷ் போட்டுத் தாங்கன்னேன், முடியாதுன்னுட்டாரு, "ஓரம் மழுங்கிடும் தம்பி, அந்தக் கோடெல்லாம் பெரியப்பாவோடது." மொத்தம் 1,400 ரூவா. சொன்னது மூணு வாரம், ஆனது ஏழு வாரம்.

இப்ப ஒரு நாளைக்கு 10, 12 செகண்டு முந்துது. நேரம் சரியா ஓடுதான்னு சோதிச்சு சர்டிபிகேட்டோட புதுசா வர்ற சுவிஸ் குரோனோமீட்டருக்கே ஒரு நாளைக்கு மைனஸ் 4லேர்ந்து பிளஸ் 6 செகண்டு வரைக்கும் உண்டு, நாப்பது வருஷ வாட்ச் 12ல நிக்குதுன்னா அது பெரிய விஷயம். பெரியப்பா வாங்கி கட்டல, காதுல வச்சு ரொம்ப நேரம் கேட்டுட்டு "நீயே கட்டிக்க"ன்னாரு.

காப்பிக்கும் ஒரிஜினலுக்கும் வித்தியாசமே இல்லங்குறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். பொங்கலுக்கு கூட படிச்சவன் ஒருத்தன் சிங்கப்பூர்லேர்ந்து வந்துருந்தான், நெஜ சப்மரைனர், பத்து வருஷம் சேத்து வச்சு வாங்குனது. டீக்கடை பெஞ்சுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். வெளி வளையத்த திருப்புனா அவனோடது ஒரு பக்கம்தான் திரும்புது, 120 கிளிக், ஒவ்வொன்னும் ஒரே அழுத்தம். என்னோடது லூசா ஆடுது. தேதி மேல இருக்குற அந்த சின்ன லென்ஸ் அவனோடதுல எண்ண ரெண்டர மடங்கு பெருசாக்கி ஜன்னல் முழுக்க காட்டுது, என்னோடதுல பேருக்கு ஒரு கண்ணாடித் துண்டு. செகண்டு முள்ளு ஒரிஜினல்ல ஒரு செகண்டுக்கு எட்டு தடவ நகரும், என்னோடது ஓடுன காலத்துல ஆறு. ஆறுங்குறது குறை இல்ல, பெரியப்பா சீக்கோவும் ஆறுதான், ஹெச்எம்டி ஜனதா அஞ்சுதான். ஆறா ஓடுறது எட்டுன்னு பேர் போட்டுக்கிட்டு வர்றதுதான் எனக்குப் புடிக்கல. நாலஞ்சு குட்டி வட்டம் வச்சு வர்ற காப்பி வாட்சுங்க இன்னும் மோசம், அதுல பாதி வாட்சுல அந்தக் குட்டி முள்ளு ஸ்டாப்வாட்ச் வேலையே செய்யாது, சும்மா அலங்காரம்.

இன்னொன்னு, காப்பிய கம்பெனி சர்வீஸ் சென்டர்ல தொடவே மாட்டாங்க. விக்கிறது குத்தமும்தான், 1999 டிரேட் மார்க்ஸ் சட்டத்துல ஆறு மாசத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000லேர்ந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு. அதே மாதிரி ஆன்லைன்ல 1,200, 1,500க்கு பளபளன்னு கலர் கலரா டயலோட வர்ற "விண்டேஜ் ஹெச்எம்டி"யும் பாத்து வாங்குங்க. நெறைய அதுல டயல்ல புதுசா பெயின்ட் அடிச்சு பேரு எழுதுனது, உள்ள ரெண்டு மூணு வாட்சோட பார்ட்ஸ். பாய் கடையில இருக்குற அந்த அட்டை இதுக்காகத்தான், மாசத்துக்கு நாலு பேராச்சும் டயல் எழுதச் சொல்லி வர்றாங்களாம். ஹெச்எம்டி 1961ல ஜப்பான் சிட்டிசன் கூட சேந்து பெங்களூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்சுது, அந்தப் பழைய ஃபேக்டரிங்கள மூடிட்டாங்க, இருக்குற நல்ல வாட்சுங்களயும் இப்படி பெயின்ட் அடிச்சு கெடுக்குறாங்கன்னு அவருக்கு நெஜமாவே வருத்தம். கல்யாணத்துக்கு புதுசாத்தான் கட்டணும்னா 6,500க்கு நம்ம ஓசூர்ல செய்யுற டைட்டன்லயே அழகழகா இருக்கு, யாரு கேட்டாலும் பேர தைரியமா சொல்லலாம்.

கடையில குறையே இல்லையான்னா இருக்கு. சொன்ன தேதிக்கு கெடைக்காது, போன் எடுக்கமாட்டாரு, நேர்லதான் போவணும். பில்லு கெடையாது, ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் எழுதித் தருவாரு, அத தொலைச்சா கஷ்டம். தண்ணி போவுதான்னு அழுத்தம் குடுத்து சோதிக்கிற மெஷின் அவருகிட்ட இல்ல, அதனால எந்த வாட்சுக்கும் தண்ணி கேரண்டி தரமாட்டாரு, அத மொதல்லயே சொல்லிடுவாரு. ஸ்மார்ட் வாட்ச் பாக்கமாட்டாரு. லட்சக்கணக்குல வெல போற ஒரிஜினல கொண்டு போனா அவரே கம்பெனிக்கு அனுப்பச் சொல்லிடுவாரு, பார்ட்ஸ் வெளிய கெடைக்காதுங்குறாரு. வண்டி நிறுத்த எடமே இல்ல, கொஞ்சம் தள்ளி விட்டுட்டு நடந்து வாங்க. ஜிபே உண்டு.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை தேதிக்காக. காலையில பத்தரைக்கு மேலதான் தொறப்பாரு, வெள்ளிக்கெழம பன்னெண்டரைக்கு சாத்திட்டு தொழுகை முடிஞ்சு மூணு மணிக்கு வருவாரு. நோன்பு மாசத்துல சாயங்காலம் போவாதீங்க, காலையில போனீங்கன்னா நிதானமா ஒக்காந்து பேசுவாரு. நான் அடுத்த வாரம் அப்பாவோட ஹெச்எம்டி பைலட்ட எடுத்துட்டுப் போறேன், சாவி கழண்டு வந்துடுச்சு, டப்பாவுல அதுக்கு ஒன்னு இருக்குன்னு சொல்லி வச்சுருக்காரு.