பாடி எர்த்தா, தனி ரிட்டர்ன் வயரா? டிராவல் டிரெய்லரின் கிரவுண்ட் தொல்லைக்கு இரண்டு வைத்தியம்

காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டிதான் டிராவல் டிரெய்லர். அதில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் இரண்டு பக்கமும் சேர்ந்து மினுக்குகிறதா? பிரேக்கை மிதித்தால் விளக்கு பளிச்சென்று ஆகாமல் மங்குகிறதா? கொக்கியில் பூட்டியிருக்கும்போது எரிகிற விளக்கு, கொக்கியைக் கழற்றி பிளக்கை மட்டும் செருகினால் எரியாமல் போகிறதா? இதில் எது நடந்தாலும் பல்பை மாற்றிப் பிரயோஜனமில்லை. கிரவுண்டில்தான் கோளாறு. கரன்ட் போகிற வழி நன்றாக இருக்கிறது, திரும்புகிற வழி அடைத்திருக்கிறது. பின் விளக்கில் போடும் 1157 ரக பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. திரும்ப வழியில்லாத கரன்ட் ஒரு இழையிலிருந்து அடுத்த இழைக்குத் தாவி, மற்ற விளக்குகளின் வயரில் ஏறி வெளியேறப் பார்க்கும். அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் ஆடுகிறது.

சரிசெய்ய இரண்டு வழி. முதலாவது, தொழிற்சாலையில் செய்து அனுப்பியதையே ஒழுங்காகச் செய்வது: நம்மூர் மெக்கானிக் பாஷையில் பாடி எர்த். ஒவ்வொரு விளக்கின் நெகட்டிவ் வயரையும் பக்கத்தில் இருக்கும் இரும்பு ஃபிரேமில் முடுக்கிவிட்டால், ஃபிரேமே ரிட்டர்ன் வயர். இரண்டாவது, ஃபிரேமை நம்பாமல் பின் விளக்கிலிருந்து முன்னால் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ் (வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) வரை தனியாக ஒரு செம்புக் கம்பி இழுத்துவிடுவது. நான் மிச்சிகனில் இருக்கிறேன். எங்கள் பழைய டிரெய்லரில் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். ஆகவே நடுநிலைத் தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த வழியாக இருந்தாலும் முதலில் கோளாறு வண்டியிலா டிரெய்லரிலா என்று பிரிக்க வேண்டும். ஒரு ஜம்பர் கேபிளின் ஒரு முனையை இழுக்கும் வண்டியின் சேஸியிலும், மறுமுனையை டிரெய்லர் ஃபிரேமில் சுரண்டிய இடத்திலும் கவ்வவிடுங்கள். விளக்கு உடனே சரியாகிவிட்டால் தகராறு முன்பக்கம்: டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஏழு பின் பிளக்கின் வெள்ளை கிரவுண்ட் வயர், அல்லது அது ஃபிரேமில் சேரும் இடம். மாற்றமே இல்லையென்றால் பின்னால் போய்த் தேடுங்கள்.

தேடும்போது மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை நம்பாதீர்கள். பத்தொன்பது இழையுள்ள வயரில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது பீப் அடிக்கும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, விளக்கை எரியவிட்டு, ஒரு முனையை விளக்கின் கிரவுண்ட் வயரிலும் மறுமுனையை முன்னால் வெள்ளை வயர் சேரும் இடத்திலும் வையுங்கள் (நீளம் போதாவிட்டால் ஏதாவது ஒரு வயரைச் சேர்த்துக்கொள்ளலாம்). 0.1, 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது. முழு லோடு ஓடும்போது அளப்பதுதான் முக்கியம். எல்இடி விளக்கு போட்டவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அது உறிஞ்சும் கரன்ட் மிகக் குறைவு என்பதால் மோசமான கிரவுண்டிலும் பாதகமில்லாமல் எரிந்து, நோயை மறைத்துவிடும்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். காகிதத்தில் பாடி எர்த்தான் ஜெயிக்கும், இதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். இரும்பு செம்பைவிட ஏழெட்டு மடங்கு மோசமான கடத்திதான். ஆனால் 10 கேஜ் செம்புக் கம்பியின் குறுக்குவெட்டு ஐந்து சதுர மில்லிமீட்டர் சொச்சம், ஃபிரேம் பீமோ அதைவிட நூறு மடங்குக்கும் மேல் தடிமன். முப்பதடி 10 கேஜ் கம்பிக்கு ஏறக்குறைய 0.03 ஓம் தடை உண்டு. அதில் 12 ஆம்ப் ஓடினால் 0.36 வோல்ட் போய்விடும். ஃபிரேமில் அவ்வளவு போகாது. செலவும் பாடி எர்த்துக்குக் குறைவு, வேலையும் அரை நாள்தான்.

இருந்தும் நான் ஏன் மாறினேன்? பராமரிப்பு. ஃபிரேம் கெடுவதில்லை, ஃபிரேமில் முடுக்கிய இடம்தான் கெடுகிறது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, ஒரு உப்புச் சுரங்கமே இருக்கிறது. அங்கே வெட்டும் உப்பு பனிக்காலத்தில் ரோட்டுக்கு வந்து, வசந்தகாலத்தில் ஈரத்தோடு நம் டிரெய்லரின் அடிவயிற்றில் ஏறும். செம்பு ரிங், துத்தநாகப் பூச்சுள்ள ஸ்க்ரூ, பெயின்ட் அடித்த இரும்பு என்று மூன்று உலோகங்கள் உப்புத் தண்ணீரில் ஒன்றாகக் கிடந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. பின் இடது விளக்கின் ஸ்க்ரூவைத் திருகினேன், தலை மட்டும் கையோடு வந்தது. ரிங் டெர்மினல் பச்சைப் பூத்திருந்தது. வயரின் வெள்ளை உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு ஒரு அங்குல நீளத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. அந்த ஸ்க்ரூ பெயின்ட்டைச் சுரண்டாமல் நேரே துளைத்து இறக்கியது. ஆக, மொத்தத் தொடர்பும் அதன் மரை தொட்ட விளிம்பில் மட்டும்தான். இப்படி ஒரு டிரெய்லருக்கு அடியில் எத்தனை ஸ்க்ரூ என்று அதைக் கட்டியவர்களுக்கே தெரியாது. ஒவ்வொன்றும் சந்தேகக் கேஸ்.

தனி வயரில் இந்தச் சந்தேகப் பட்டியல் சுருங்கிவிடுகிறது. முன்னால் ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஒரு நெகட்டிவ் பஸ்பார் (எல்லா நெகட்டிவ் வயரும் வந்து சேரும் உலோகப் பட்டை), பின்னால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு இணைப்பு. உள்ளே பசை உருகி அடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிவிட்டால் உப்புத் தண்ணீர் போக இடமில்லை. வெள்ளீயம் பூசிய மரைன் கம்பி கொஞ்சம் விலை அதிகம், ஆனால் வாங்குங்கள். படகுக்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடிகள். அமெரிக்கப் படகுகளுக்கான ஏபிஒய்சி தரநிலை, படகின் உடலை ரிட்டர்னாகப் பயன்படுத்த விடுவதே இல்லை. போகவும் வரவும் தனித்தனி வயர்தான். பிறகு ஒரு நாள் ஏதாவது கெட்டாலும், நடுவில் ஒரு இடத்தில் அளந்து பார்த்தால் கோளாறு முன்பாதியா பின்பாதியா என்று தெரிந்துவிடும். மல்லாந்து படுத்து மண் தின்னும் நேரம் பாதியாகிறது.

இதைவிடப் பெரிய காரணம் பிரேக். டிரெய்லர் சக்கரத்தின் எலக்ட்ரிக் பிரேக்கை இயக்கும் மின்காந்தம், அதாவது மேக்னட், ஒன்று சுமார் 3 ஆம்ப் இழுக்கும். இரண்டு ஆக்சில் வண்டியில் நான்கு மேக்னட், 12 ஆம்ப். துருப்பிடித்த கிரவுண்டில் 0.1 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் அங்கேயே தின்னப்படும், மேக்னட்டின் பிடி அந்த அளவுக்குத் தளரும். விளக்கு அணைந்தால் பின்னால் வருபவராவது ஹார்ன் அடித்துச் சொல்வார். பிரேக் பத்து சதவீதம் குறைந்ததை யாரும் சொல்லமாட்டார்கள், இறக்கத்தில்தான் தெரியும். மேக்னட்டில் எப்படியும் இரண்டு வயர் இருக்கிறது, எதை எதில் கொடுத்தாலும் வேலை செய்யும். ஒன்றை ஃபிரேமில் முடுக்குவதற்குப் பதில் நேரே பஸ்பாருக்குக் கொண்டுபோக இன்னும் ஒரு மணி நேரம்தான். அங்கே படுத்திருக்கும்போதே ஆக்சில் குழாய்க்குள் ஓடும் பிரேக் வயரையும் பார்த்துவிடுங்கள். குழாயின் ஓரத்தில் உரசி உறை தேய்வது இந்த வண்டிகளுக்கு வழக்கமான வியாதி.

தனி வயரின் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். அடியில் பிளாஸ்டிக் ஷீட் மூடிய டிரெய்லரென்றால் அதைப் பாதியாவது கழற்ற வேண்டும், ஒரு வாரக்கடைசி முழுக்கப் போகும். ஃபிரேம் ஓட்டைகளில் ரப்பர் புஷ் போடாமல் வயரை இழுத்தால் உறை தேய்ந்து போய்விடும்.

அப்புறம் ஒன்று: தனி வயர் போட்டாகிவிட்டது என்று பேட்டரி நெகட்டிவிலிருந்து ஃபிரேமுக்குப் போகும் தடித்த கம்பியைக் கழற்றிவிடாதீர்கள். அது இருந்தே ஆகவேண்டும். விளக்கும் பிரேக்கும் அதை நம்பி ஓடக்கூடாது என்பதுதான் நம் நோக்கம்.

வெளியிலிருந்து வரும் 120 வோல்ட் கரன்ட் பக்கம் முற்றிலும் வேறு சமாச்சாரம். கேம்ப்கிரவுண்டில் பவர் கொடுத்த பிறகு டிரெய்லரின் உடம்பைத் தொட்டால் சுருக்கென்கிறதா? உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், மேலே எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது. டிரெய்லர் பேனலுக்குள் நியூட்ரலும் கிரவுண்டும் ஒன்றாகச் சேரவே கூடாது, அந்த இணைப்பு மின்சாரம் வரும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டருக்குப் பின்னால் 12 வோல்ட் நெகட்டிவும் வெள்ளை, 120 வோல்ட் நியூட்ரலும் வெள்ளை. நிறத்தை நம்பிக் கைவைக்காதீர்கள்.

அரிசோனா மாதிரி வறண்ட இடத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் பாடி எர்த்திலேயே வருஷக்கணக்கில் நிம்மதியாக ஓட்டுவதாகச் சொல்கிறார்கள். உப்பு இல்லாத ஊரில் அது நியாயமாகத்தான் படுகிறது. அலுமினியம் ஃபிரேம் வண்டியில் நான் கைவைத்ததில்லை, அதற்கு என் யோசனை எடுபடுமா என்று அந்த வண்டி வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த சீசனோடு விற்றுவிடப் போகிறீர்களா? அப்படியானால் வயர் இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம், வாங்குகிறவர் அதற்கென்று கூடுதலாக ஒரு டாலரும் தரமாட்டார். பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றி, அந்த இடத்தை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல்லுள்ள ஸ்டார் வாஷர் போட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் முடுக்குங்கள். கிரீஸ், பெயின்ட் எதுவானாலும் முடுக்கிய பிறகு மேலே பூசுங்கள், நடுவில் அல்ல. வோல்ட் அளந்து 0.2-க்குக் கீழே வந்தால் விற்பனைக்குப் போட்டுவிடலாம்.