கடல் பக்கம் முகம் வைத்த விடுதி

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள இ அண்ட் ஓ (ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல்) விடுதியைச் சாலையில் நின்று படம் எடுத்துவிட்டுத் திருப்தியோடு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். லெபோ ஃபார்குவார் என்ற அந்தச் சாலைப் பக்கம் இருப்பது கார் நிற்கும் வாசல் மட்டுமே. கட்டடத்தின் முகம் கடலைப் பார்த்திருக்கிறது. இஸ்ஃபஹானிலிருந்து வந்த ஆர்மேனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1885-இல் இங்கே விடுதித் தொழிலைத் தொடங்கினார்கள். பினாங்குக்கு வருகிறவர்கள் கப்பலில் வந்த காலம் அது. 842 அடிக் கடல்முகப்பு என்று பெருமையோடு விளம்பரம் செய்தவர்கள், சாலைப் பக்கத்துக்கு ஏன் அலங்காரம் செய்யப் போகிறார்கள்? சிங்கப்பூரின் ராஃபிள்ஸும் ரங்கூனின் ஸ்ட்ராண்டும் இதே சகோதரர்கள் நடத்தியவைதான்.

இந்த முறை ஊருக்குப் போனபோது கேமராவையும் எடுத்துப் போனேன். கோலாலம்பூர் சென்ட்ரலில் இடிஎஸ் என்ற மின்சார ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த். டிக்கெட் கைப்பேசியிலேயே வந்துவிட்டது. அங்கிருந்து நடந்தே ஃபெரித் துறைக்குப் போகலாம். கார்களை விழுங்கிக்கொண்டு வந்த அந்தப் பழைய பெரிய ஃபெரிகள் இப்போது இல்லை. 2023 முதல் ஓடும் புதியவை ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. கார்க்காரர்களுக்குப் பாலம்தான்.

லெபோ சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டு விடுதியில் அறை எடுத்திருந்தோம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்பதால் அறைக்கு, இரவு ஒன்றுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி. பிறந்த ஊரில் சுற்றுலாப் பயணியாக ரசீது வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை. வெந்நீருக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன், அது காலை ஒன்பது மணிக்குமேல்தான் வந்தது. ஏர்கான் மட்டும் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. படம் எடுப்பவர்களுக்கு அதுவும் தொல்லைதான். குளிர்ந்த கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் பினாங்குக் காற்றின் ஈரம் லென்ஸில் படிந்து எல்லாம் புகைமூட்டமாகிவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்துவிட்டுப் பிறகு திறப்பது நல்லது.

இ அண்ட் ஓவில் தங்குமளவுக்கு எங்கள் பணப்பை தடித்ததல்ல. மாலைத் தேநீருக்கு மேசை பதிவு செய்துகொண்டோம். படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, பரிமாறிய தம்பி தமிழிலேயே சொன்னார்: "தாராளமாக எடுங்கள் அக்கா. நீச்சல் குளத்தில் இருக்கிறவர்கள் மட்டும் படத்தில் விழவேண்டாம். கடல் சுவர் ஓரம் போய் நில்லுங்கள், முழுக் கட்டடமும் கிடைக்கும்." வேலைக்கு நடுவே எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று வந்து காட்டியும் விட்டுப் போனார். அந்த அக்கறைக்கே தேநீர்க் காசு சரியாகிவிட்டது.

ஆனால் சூரியனுக்கு அவரால் சிபாரிசு செய்ய முடியாது. விடுதி வடக்குக் கரையில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் கடல்முகப்பு நாள் முழுதும் நிழலில் கிடக்கும். வெள்ளைச் சுவர் சாம்பலாக, பின்னால் வானம் வெளுத்துப்போய். ஜூனில் சூரியன் வடக்கே வந்துவிடும். அப்போது அதே சுவர் பளிச்சென்று இருக்கும். ஆனால் தீபாவளி, பொங்கல் என்று சூரியன் தெற்கே இருக்கும் மாதங்களில்தானே நம்மவர்கள் ஊருக்கு வருகிறோம்!

அப்படி வருகிறவர்கள் அந்திக்குக் காத்திருக்க வேண்டும். சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் மறைகிறது. விளக்குகள் எரியத் தொடங்கி, வானம் கருநீலமாக மாறும் அந்தக் கால் மணி நேரம்தான் கைக்குக் கிடைக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருட்டு சட்டென்று விழும். புல்வெளியில் பின்னால் போக இடம் குறைவு. கேமராவை மேலே தூக்கினால் தூண்கள் சாய்ந்து விழுவதுபோல் ஆகும். நேராகப் பிடித்து எடுத்து, படத்தின் கீழே வரும் புல்லை வீட்டுக்குப் போய் வெட்டிக்கொள்ளுங்கள்.

பழைமையைத் தேடி வருகிறவர்களுக்கு இன்னொன்று. சகோதரர்களில் ஒருவரான அர்ஷாக் சார்க்கீஸ் 1931-இல் இறந்தார், நிறுவனமும் திவாலானது. விடுதி 1996-இல் மூடப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு 2001-இல்தான் மீண்டும் திறந்தது. விக்டரி அனெக்ஸ் என்ற பக்கம் 2013-இல் திறந்த கட்டடம். பார்வைக்குப் பழையதுபோல் நிற்கும். அதை மட்டும் எடுத்துவிட்டு நூறாண்டுச் சுவர் என்று உறவினருக்கு அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் ஏற்கெனவே சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது, அத்தையிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை.